படி ஏறினால் கூடும் தலைவலிக்கு உடற்பயிற்சி மருந்தாவது எப்படி?

ஒற்றைத் தலைவலியால் அவதிப்படுபவர்களின் காதில் இரண்டு அறிவுரைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. வலி வந்தால் அசையாமல் இருட்டறையில் படுக்கச் சொல்கிறது ஒன்று. தினமும் நடந்தால் தலைவலி குறையும் என்கிறது மற்றொன்று. இரண்டையும் மருத்துவர்களே சொல்கிறார்கள் என்பதால் குழப்பம் கூடுகிறது. நம்பி நடக்கப் போனவர் பாதியில் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தால், அதன் பிறகு உடற்பயிற்சி என்ற பேச்சையே எடுக்க மாட்டார்.

இரண்டு அறிவுரைகளும் சரியானவையே. முதலாவது வலி வந்த பிறகு செய்ய வேண்டியது. இரண்டாவது வலி இல்லாத நாள்களுக்கு உரியது. இந்தப் பிரிவினையை யாரும் விளக்கிச் சொல்லாததால் பலர் தவறான நேரத்தில், தவறான அளவில் பயிற்சியைத் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் கைவிடுகிறார்கள்.

முதலில், இது என்ன நோய்?

ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், ஒரு நரம்பியல் நோய். உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். 2015-இல் வெளியான கர்நாடக ஆய்வு ஒன்றில், கேள்விக்கு உட்படுத்தப்பட்டவர்களில் 25.2 விழுக்காட்டினருக்கு முந்தைய ஓராண்டுக்குள் மைக்ரேன் இருந்தது தெரியவந்தது. உலகச் சராசரியைவிட இது மிக அதிகம்.

பெயரில் ‘ஒற்றை’ இருந்தாலும் சிலருக்கு வலி தலையின் இரு புறமும் வரும். மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்கள் வேறு. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் வலி. நாடித் துடிப்பைப் போல விண்விண்ணென்று தெறிப்பது. குமட்டல் அல்லது வாந்தி. வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை. பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் நோய் வரையறையில் இன்னோர் அடையாளமும் இருக்கிறது: நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாட அசைவுகளால் வலி கூடுவது, அல்லது அதற்கு அஞ்சி நோயாளி அசைவையே தவிர்ப்பது.

அசைவு ஆகாது என்பது நோயின் வரையறையிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே வலியோடு படுத்திருப்பவரைப் பார்த்து “எழுந்து நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்வது மருத்துவ ரீதியாகத் தவறு. அவரைச் சோம்பேறி என்று எண்ணுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

வலிக்கு முன்னும் பின்னும்

மைக்ரேன் வலியோடு தொடங்கி வலியோடு முடிவதில்லை. பலருக்கு முந்தைய நாளே முன்னறிகுறிகள் தெரியும்: காரணமில்லாத கொட்டாவி, இனிப்பின் மீது திடீர் ஆசை, எரிச்சல், பிடரி இறுக்கம். நோயாளிகளில் நால்வரில் ஒருவர் அல்லது மூவரில் ஒருவருக்கு, பெரும்பாலும் வலிக்குச் சற்று முன்பு, கண்முன் நெளிநெளியாக ஒளிக்கோடுகள் தோன்றும். இதற்கு ‘ஆரா’ என்று பெயர். பொதுவாக 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். மூளையின் மேற்பரப்பில் மெல்லப் பரவும் ஒரு மின் அலையே இதற்குக் காரணம். பிரேசில் ஆய்வாளர் அரிஸ்டிடிஸ் லியாவோ 1944-இல் அந்த அலையை முதன்முதலில் விவரித்தார். வலி அடங்கிய பிறகும் ஒரு நாள் வரை உடல் பிழிந்து போட்ட துணி போல இருக்கும்.

வலியை உண்டாக்குவதில் டிரைஜெமினல் நரம்புக்கு முக்கியப் பங்கு உண்டு. முகத்தின் உணர்ச்சிகளையும் மூளையைச் சுற்றியுள்ள உறையின் உணர்ச்சிகளையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு அது. அது தூண்டப்படும்போது சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கு சுரந்து, இரத்தக் குழாய்களை விரித்து, வலிச் செய்தியைப் பெருக்குகிறது. இதைக் கண்டறிந்த நால்வருக்கு 2021-ஆம் ஆண்டின் மூளை ஆய்வுப் பரிசு வழங்கப்பட்டது.

பயிற்சியைப் பற்றி யோசிக்கும்போது மனத்தில் இருத்த வேண்டிய பண்பு ஒன்று உண்டு. மைக்ரேன் உள்ளவரின் மூளை மாற்றத்தைப் பொறுக்காது. தூக்கம் குறைந்தாலும் வலி, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கினாலும் வலி. ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனாலும், தினமும் குடிக்கும் காபி ஒரு நாள் தவறினாலும் வலி வரலாம். உடற்பயிற்சி ஏன் சிலருக்கு நோயைத் தணிக்கிறது, சிலருக்குக் கிளப்புகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

சிகிச்சையில் உடற்பயிற்சியின் இடம்

மைக்ரேன் சிகிச்சை இரு வகை.

1. வலி வந்ததும் அதை அடக்கும் மருந்துகள்: பாராசிட்டமால், நாப்ராக்சன், சுமாட்ரிப்டான் போன்றவை.

2. வலி வரும் நாள்களைக் குறைக்கத் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துகள்: புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளூனாரிசின் போன்றவை. சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் சந்தையில் இருக்கின்றன.

உடற்பயிற்சி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தடுப்பு மாத்திரையைத் தலைவலி வந்த பிறகு விழுங்கி உடனே பலனை எதிர்பார்ப்பதில்லை அல்லவா? அது வேலை செய்ய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் சொன்னால் காத்திருக்கிறோம். உடற்பயிற்சிக்கும் அதே கணக்குதான்.

‘துணைச் சிகிச்சை’ என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்க வேண்டும். மருந்துக்குப் பதிலாகச் செய்வது மாற்றுச் சிகிச்சை. மருந்தோடு சேர்த்துச் செய்வது துணைச் சிகிச்சை. ஓர் ஆய்வின் முடிவைச் செய்தியாகப் படித்துவிட்டுத் தடுப்பு மாத்திரையைத் தாமே நிறுத்துவது ஆபத்தான வேலை.

துணை ஏன் தேவை என்பதற்கு வலுவான காரணம் உண்டு. வலி மாத்திரையே அளவு மீறினால் தலைவலியை உண்டாக்கும். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேலும், சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகையையோ பல மருந்துகள் கலந்த மாத்திரைகளையோ 10 நாள் அல்லது அதற்கு மேலும், மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால் ‘மருந்து மிகைத் தலைவலி’ வரக்கூடும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாக வாங்கிப் பழகியவர்கள் பலர் இந்தப் பொறியில் சிக்கியிருக்கிறார்கள். தலைவலி நாள்களைக் குறைக்கும் எதுவும் மாத்திரை எண்ணிக்கையையும் குறைக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1. ஸ்வீடன், 2011. கோத்தன்பர்க் பல்கலைக்கழகக் குழு 91 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தது. ஒரு குழு வாரம் மூன்று முறை 40 நிமிடம் பயிற்சி செய்தது. இன்னொரு குழு தசைகளைத் தளர்த்தும் ஓய்வுப் பயிற்சி செய்தது. மூன்றாவது குழு டோபிரமேட் எடுத்தது. மூன்று மாத முடிவில் மாதாந்திரத் தாக்குதல்கள் சராசரியாக உடற்பயிற்சிக் குழுவில் 0.93, ஓய்வுப் பயிற்சிக் குழுவில் 0.83, டோபிரமேட் குழுவில் 0.97 என்ற அளவில் குறைந்தன. புள்ளியியல்படி மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. பக்க விளைவுகளில்தான் வேறுபாடு: டோபிரமேட் குழுவில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அவை வந்தன; மற்ற இரு குழுக்களிலும் யாருக்கும் வரவில்லை.

2. டெல்லி, 2020. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வில் 160 பேர் சேர்ந்து 114 பேர் முடித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருந்து மட்டும். மற்றொரு குழுவுக்கு மருந்தோடு யோகா: முதல் மாதம் பயிற்சியாளர் மேற்பார்வையில், அடுத்த இரு மாதங்கள் வீட்டில். யோகா சேர்த்தவர்களுக்கு மாதாந்திரத் தலைவலி எண்ணிக்கை சராசரி 9.1-இலிருந்து 4.7 ஆனது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7-இலிருந்து 6.8 ஆனது. யோகா குழுவில் மாத்திரைகளின் எண்ணிக்கையும் 47 விழுக்காடு குறைந்தது. மற்றதில் 12 விழுக்காடு. ‘துணைச் சிகிச்சை’ என்ற சொல்லுக்கு மிகப் பொருத்தமான சான்று இது, ஏனென்றால் இதில் யாருடைய மருந்தும் பறிக்கப்படவில்லை.

3. தொகுப்பாய்வுகள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுவது தொகுப்பாய்வு. மூச்சு வாங்கவைக்கும் ஏரோபிக் பயிற்சிகளைப் பற்றிய 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, மாதத்துக்கு சுமார் 0.6 மைக்ரேன் நாள் குறைவதாகச் சொன்னது. 2022-இல் வெளியான மற்றொன்று 21 ஆய்வுகளை ஒப்பிட்டு, தசை வலுப்படுத்தும் பயிற்சிகளுக்கு முதலிடமும் தீவிர ஏரோபிக் பயிற்சிக்கு அடுத்த இடமும் தந்தது. முதலிடத்துக்கு மாதம் மூன்று நாளுக்கு மேல் குறைவு என்று கணக்கிட்டது.

அரை நாளுக்கும் மூன்று நாளுக்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன்? இந்தத் துறையின் ஆய்வுகள் சிறியவை. பெரும்பாலானவற்றில் சில பத்துப் பேர்தான். ஒன்றோடொன்று நேரடியாக மோதிப் பார்க்காத சிகிச்சைகளைக் கணக்கின் வழியே ஒப்பிடும்போது, சிறிய ஆய்வின் பெரிய எண் மேலே வந்துவிடும். மேலும், யார் மாத்திரை எடுக்கிறார், யார் வெற்று மாத்திரை எடுக்கிறார் என்பதை மருந்து ஆய்வில் மறைக்கலாம். பயிற்சி செய்பவரிடம் “நீ பயிற்சி செய்யவில்லை” என்று மறைக்க முடியாது. எதிர்பார்ப்பே ஓரளவு வலியைக் குறைக்கும்.

இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வகைப் பயிற்சிகள் ஒரே திசையில் பலன் காட்டியிருக்கின்றன. பலன் உண்டு, அது மிதமானது என்பதே என் கணிப்பு. ‘மைக்ரேனை விரட்டும் ஐந்து ஆசனங்கள்’ வகைத் தலைப்புகளுக்கு இந்தச் சான்றுகளில் இடமே இல்லை. அதே நேரம், மாதத்தில் ஒரு நாள் குறைவதை அற்பமாக நினைப்பவர் மைக்ரேனோடு ஒரு நாளைக் கழித்துப் பார்த்திராதவர்.

உடலுக்குள் நடப்பது

ஒரே ஒரு வழியில் இது நடப்பதாகத் தெரியவில்லை. தொடர் பயிற்சி உடலின் இயற்கை வலிநிவாரணிகளான எண்டார்பின்களைக் கூட்டுகிறது. தூக்கத்தை ஒழுங்குபடுத்துகிறது, மன அழுத்தத்தைத் தணிக்கிறது. தூக்கக் குலைவும் மன அழுத்தமும் மைக்ரேனின் பெரிய தூண்டுதல்கள். உடல் எடை மிகுதி, விட்டு விட்டு வரும் மைக்ரேன் நாள்பட்டதாக மாறும் அபாயத்தைக் கூட்டும். அங்கும் பயிற்சி உதவுகிறது. அசைந்தால் வலிக்கும் என்று அஞ்சி அஞ்சி உடல் தளர்ந்துபோனவருக்குச் சிறு உழைப்பே பெரும் சுமையாகிவிடும். அந்தச் சுழலையும் பயிற்சி மெல்ல உடைக்கிறது.

பயிற்சியே வலியைக் கிளப்பினால்?

பலர் கைவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் 103 மைக்ரேன் நோயாளிகளிடம் விசாரித்தபோது 38 விழுக்காட்டினர் உடற்பயிற்சியால் தமக்கு வலி தூண்டப்பட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த விளையாட்டையே விட்டுவிட்டார்கள். ஆகவே இது கற்பனைப் புகார் அல்ல. ஆனால் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

1. வெறும் வயிறு. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, காலை ஆறு மணிக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடக்கப் போகிறவர், ஏழரைக்குத் திரும்பிக் குளித்து, ஒன்பதுக்கு இட்லி சாப்பிடுகிறார். பதின்மூன்று மணி நேரப் பட்டினி அது. மைக்ரேனுக்குப் பட்டினியே போதும். பழி நடைமேல் விழுகிறது. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழமும் ஒரு குவளைத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அடுத்த இரண்டு வாரம் கவனித்துப் பார்க்கலாம்.

2. வெயில். வெப்பமும் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் தனித்தனியே தூண்டுதல்கள். நம் ஊரில் மார்ச் முதல் காலை ஏழரை மணி வெயிலே சுள்ளென்று இருக்கும். பொழுது சாய்ந்த பின் மொட்டை மாடியில் நடப்பது இவர்களுக்கு நல்லது.

3. திடீர் வேகம். ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் பூப்பந்து ஆடுவது, மாற்றத்தைப் பொறுக்காத மூளைக்கு ஓர் அதிர்ச்சி. வாரக் கடைசி மட்டும் செய்யும் கடும் பயிற்சி இந்த நோய்க்கு ஏற்றதல்ல.

4. பயிற்சிக்குப் பின் தலைக்குக் குளிப்பது. மும்பையின் தலைவலி மருத்துவர் ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அடர்ந்த கூந்தலை ஈரத்தோடு கட்டிவைக்கும் பழக்கமுள்ள பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியர்த்த நாளெல்லாம் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

5. ஏற்கெனவே தொடங்கிவிட்ட மைக்ரேன். பிடரி இறுக்கம் முன்னறிகுறிகளில் ஒன்று என்று பார்த்தோம். கழுத்துப் பிடித்திருக்கிறதே, நடந்தால் சரியாகும் என்று ஒருவர் கிளம்புகிறார். ஒரு மணி நேரத்தில் வலி வருகிறது. நடக்காமல் இருந்திருந்தாலும் அன்று வந்திருக்கக்கூடிய வலி அது. கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் சேர்ந்து வரும் நாளில் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள்.

எவ்வளவு, எப்படி?

ஸ்வீடன் ஆய்வின் 40 நிமிடத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நல்ல மாதிரி கிடைக்கிறது: உடலைச் சூடேற்ற 15 நிமிடம், வேகமாக 20 நிமிடம், ஆறவைக்க 5 நிமிடம். சூடேற்றும் நேரம் வழக்கத்தைவிட மிக நீளமாக இருப்பதைக் கவனியுங்கள். மைக்ரேன் உள்ளவருக்கு அதுதான் பாதுகாப்பு வளையம். அங்கே நிலைச் சைக்கிள் பயன்படுத்தினார்கள். வேக நடைக்கும் இந்தப் பிரிவினை பொருந்தும். வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடுவிலுள்ள 20 நிமிடத்தில் பக்கத்தில் வருபவரிடம் துண்டு துண்டாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

பயிற்சியே இல்லாதவர்கள் முதல் வாரம் பத்து நிமிடத்தோடு நிறுத்தி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். கழுத்து, தோள் தசைகளுக்கான வலுப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. யோகாவில் தலைகீழாக நிற்கும், தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்களைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். எதைச் செய்தாலும் 8 முதல் 12 வாரம் கழித்தே பலனை மதிப்பிட வேண்டும்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று பெண்களிடம் சொல்லப்படுவதுண்டு. குனிந்து கூட்டுவதும் குடம் தூக்குவதும் உழைப்புதான். ஆனால் இதயத்துடிப்பை ஒரே சீராக 20 நிமிடம் உயர்த்தி வைப்பதில்லை. பல நேரங்களில் வலியோடு, விருப்பமில்லாமல், வேளை தவறிச் செய்யும் வேலை அது. இந்த நோய் பெண்களுக்கே அதிகம் என்னும்போது, சிகிச்சையின் முதல் தேவை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் அவருக்கென்று ஒதுக்குவதாகிறது. அந்த நேரத்தில் அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். சீட்டில் எழுதப்படாத மருந்து இது.

மருந்தோடு சேரும்போது

டோபிரமேட் வியர்வையைக் குறைக்கக்கூடிய மருந்து. வியர்க்காவிட்டால் உடல் சூடு தணியாது. இதை எடுப்பவர்கள் கோடையில் வெயிலில் பயிற்சி செய்யவே கூடாது. சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடுவதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். புரோப்ரனலால் இதயத்துடிப்பைக் குறைத்து வைக்கும். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை எட்டுவதற்காக இவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. பேச்சுச் சோதனையே இவர்களுக்குச் சரி. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் பொதுவாக ஆகாது என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். அமிட்ரிப்டிலினும் ஃப்ளூனாரிசினும் எடையைக் கூட்டக்கூடியவை. பயிற்சி அதைச் சற்றுக் கட்டுப்படுத்தும்.

பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

1. சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் இடி போன்ற தலைவலி வந்தவர்கள். பயிற்சியின்போது வந்தாலும் ஓய்வில் வந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மூளையில் இரத்தக்கசிவாக இருக்கலாம்.

2. 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தலைவலி தொடங்கியவர்கள்.

3. காய்ச்சல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை இழப்பு ஆகியவற்றோடு தலைவலி வந்தவர்கள்.

4. உழைக்கும்போது மட்டுமே வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் தலைவலி உள்ளவர்கள். அரிதாக இது இதயக் கோளாறின் அறிகுறி.

5. கர்ப்பிணிகளும், நெஞ்சு வலி அல்லது கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும்.

காலண்டரில் ஒரு கணக்கு

பலன் இருக்கிறதா என்பதை நினைவை நம்பி முடிவுசெய்ய முடியாது. நேற்று வந்த வலி, வலியில்லாத மூன்று வாரங்களை மறக்கடித்துவிடும். சமையலறைச் சுவரில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருந்தால் அதுவே போதும். வலி வந்த நாளில் ‘வ’, மாத்திரை எடுத்தால் ‘மா’, பயிற்சி செய்தால் ‘ப’, மாதவிலக்கு நாள்களுக்கு ஒரு வட்டம். பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய மாதமும் இப்படிக் குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

மூன்று மாதம் கழித்து ‘வ’க்களையும் ‘மா’க்களையும் எண்ணுங்கள். எட்டு ‘வ’ ஆறாகக் குறைந்திருந்தால் நல்ல பலன். ‘வ’ குறையாமல் ‘மா’ மட்டும் குறைந்திருந்தாலும் பலன்தான்; வலியின் கடுமை தணிந்திருக்கிறது. ‘ப’ போட்ட நாளிலோ மறுநாளிலோ ‘வ’ வந்துகொண்டே இருந்தால் பயிற்சியின் நேரத்தையும் வேகத்தையும் மாற்ற வேண்டும். மாதத்தில் ‘வ’ 15-ஐத் தொட்டாலோ ‘மா’ 10-ஐத் தொட்டாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அந்தத் தாளை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.